விண்மீன் நோக்கும் வாய்மையும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலை நோக்கிச் செல்லும் பெருந்தெரு மலைநாட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்கத் தொடங்கும் எல்லையில் அமைந்த ஊர் கலகெதர. ஒருகாலத்தில் அது கண்டி இராச்சியத்தின் காவல் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. 1803 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படை கண்டிமீது சென்றபொழுது எதிர்கொண்ட காவலரண்களுள் ஒன்று அவ்வூரிலேயே இருந்தது. மிளகும் கராம்பும் இறப்பரும் தென்னையும் செறிந்த அச்சரிவுகளில் இன்று சிங்கள மக்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். ஒரு வீட்டார் போயா நாளின் முழுமதியை எதிர்பார்த்திருக்க, அடுத்த வீட்டார் தலைப்பிறையை எதிர்பார்த்திருப்பர். வானத்தை நோக்காது சுவரில் தொங்கும் நாட்காட்டியை மட்டும் நோக்கி வாழ்தல் பெருநகரத்தார்க்கு இயலும். இத்தகைய ஊரார்க்கு அது முற்றிலும் இயல்வதன்று.

நோன்பு மாதத்தின் 29 ஆம் நாள் மாலை, ஞாயிறு மறைந்த சில நிமிடங்களுக்குள், மேற்கு வானம் திறந்து தெரியும் மேட்டிலே சிறுவர் கூடுவர். பூமத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள நாடாதலின் இளம்பிறை ஈண்டு பெரும்பாலும் நிமிர்ந்து நில்லாது தோணிபோற் கிடந்த நிலையிலே தோன்றும். இழைபோன்ற அவ்வொளிக் கீற்றைக் காண்பது எளிதன்று. ஒளிபட்ட முகில் விளிம்பு பிறையென மயக்கும். தென்னோலையின் இடுக்கிற் பளிச்சிடும் அந்தி வெளிச்சம் பிறையென மயக்கும். இவையனைத்தினும் மேலாக, காண வேண்டும் என்னும் ஆசையே பிறையென மயக்கும். மறுநாள் பெருநாளாக வேண்டும் என்ற ஆவலிற் சிறுவனொருவன் ‘அதோ!’ என்று கூவிவிடக்கூடும். அருகில் நிற்கும் முதியவர் அவனைக் கடிந்து கொள்வதில்லை. ‘மகன், சரியாகக் கண்டீங்களா?’ என்று மட்டும் கேட்பார். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிற் கூடும் பிறைக்குழு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் சாட்சியங்களைக் கொண்டே தீர்மானம் செய்வதாதலின், ‘கண்டேன்’ என்பது ஈண்டு விளையாட்டுச் சொல்லன்று. பல இலட்சம் மக்களின் மறுநாட் காலை அச்சொல்லைச் சார்ந்து நிற்கின்றது. அச்சிறுவன் மீண்டும் மேற்கை நோக்குகின்றான். இம்முறை அவனது நோக்கு முன்னையதைப் போன்றதன்று.

இளமையில் விண்மீன் நோக்கிய பழக்கம் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் விஞ்ஞானப் பற்றுக்கு வித்தாகின்றது என்பது பலராலும் கூறப்படும் கருத்து. அக்கருத்து எவ்வளவு உண்மை, அது உண்மையாயின் அந்த வித்தினுள் இருப்பது யாது என்னும் இரு வினாக்களும் ஆராயத்தக்கவை. பொதுவாகக் கூறப்படும் விடை வியப்பு என்பதாகும். மெய்யியல் வியப்பிலிருந்தே பிறக்கின்றது என்று பிளேட்டோ தமது ‘தியேட்டீட்டஸ்’ உரையாடலிற் கூறினார்; அரிஸ்டோட்டிலும் அதனையே வழிமொழிந்தார். ஆனால் அதே உரையாடலில் மற்றொரு கதையும் வருகின்றது. வானத்தை அண்ணாந்து நோக்கியவாறு நடந்த தேலீஸ் கிணற்றில் விழுந்தாராம். காலடியில் உள்ளதை அறியாதவர் வானத்தில் உள்ளதை அறிய விழைகின்றாரே என்று ஒரு பணிப்பெண் நகைத்தாளாம். வியப்பைப் போற்றுவோர் இப்பெண்ணை எளிதில் மறந்துவிடுகின்றனர். அவளது நகைப்பு அறியாமையின் நகைப்பு மட்டுமன்று. மலைச்சரிவிலே நாட்கூலிக்கு மிளகு பறிக்கும் தாயொருத்தி, ‘விண்மீன் பார்த்துப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்பாளாயின் அவளுக்கும் நேர்மையான விடை கூறப்படல் வேண்டும்.

வியப்பே காரணம் என்னும் கொள்கைக்கு வேறொரு தடையும் உண்டு. விண்மீனைக் கண்டு வியக்காத குழந்தை அரிது. அவ்வாறாயின் விஞ்ஞானிகள் ஏன் இத்துணை அரியர்? புகழ்பெற்ற ஒருவர் முதுமையில் தமது வாழ்வைத் திரும்பி நோக்குமிடத்து, முற்றத்திற் பாயில் மல்லாந்து கிடந்த ஓர் இரவை நினைவிற் கொணர்ந்து, அதுவே தொடக்கம் என்கின்றார். அவருடன் அதே பாயிற் கிடந்து, பின்னர் கடை வைத்தோ கழனி உழுதோ வாழ்ந்த உடன்பிறந்தாரிடம் எவரும் வினவுவதில்லை. மறுதலையாக, விண்மீன் நோக்காமலே விண்மீன்களின் உள்ளியல்பை அறிந்தோரும் உளர். 1910 இல் லாகூரிற் பிறந்து சென்னையிற் கல்வி கற்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் இதற்குத் தலையாய சான்று. 1930 இல் இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்தின்போது, வெண்குறு விண்மீனொன்று தாங்கவல்ல நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கணித்தார் அவர். ஏறத்தாழ ஞாயிற்றின் நிறையைப் போல 1.4 மடங்கு என இன்று அறியப்படும் அவ்வெல்லையை நோக்கி அவரை ஈர்த்தவை நூல்களும் கணிதமுமே. விண்மீன்களின் அமைப்பையும் படிமலர்ச்சியையும் பற்றிய கோட்பாட்டு ஆய்வுகளுக்காக 1983 இல் நோபல் பரிசு பெற்ற அவரை நோக்குமிடத்து, இளமை வானோக்கு இன்றியமையாத படியன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டியே உள்ளது.

ஆகவே வியப்பு மட்டும் போதாது. சிலர்க்கு அது தேவையுமில்லை. பிறகு அந்தப் பாய்க்கும் முற்றத்துக்கும் உரிய மதிப்பு யாது?

பழந்தமிழர் வானத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள். புறநானூற்றின் 229 ஆம் பாட்டிற் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து நள்ளிரவொன்றில் விண்மீனொன்று வீழக் கண்டதைக் கூறுகின்றார். அப்பொழுது எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறையும் நிலையில் இருந்தது என்பனவெல்லாம் நுணுக்கமாகக் குறிக்கப்படுகின்றன. ஒரு நல்ல அவதானிப்புக் குறிப்பேட்டுக்குரிய செம்மை அதில் உண்டு எனலாம். ஆனால் அவர் அஞ்சியது தம் மன்னனுக்கு நேரக்கூடிய தீங்கை. ஏழாம் நாளிற் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததையும் அப்பாட்டே சொல்லிவிடுகின்றது. கண்ணின் கூர்மை குறைவுபடவில்லை. வினாவே வேறாக இருந்தது. ‘அது யாது?’ என்று வினவப்படவில்லை. ‘அது எமக்கு என்ன செய்யும்?’ என்றே வினவப்பட்டது. வீழும் மீன் எனத் தோன்றுவது மணற்பருக்கையளவே ஆன துகளாகவும் இருக்கக்கூடும் என்பதையும், அது நிலத்திலிருந்து 100 கிலோமீற்றர் அளவான உயரத்தில் வளியுள் விரைந்து புகுந்து ஒளிவிட்டு அழிகின்றது என்பதையும் அறிய, முதலில் அதனை மன்னனின் வாழ்வினின்றும் பிரித்து நோக்க வேண்டியிருந்தது. இதனைப் புலவர்மீது குற்றமாகச் சுமத்துதல் முறையன்று. அன்பினாற் பிறந்த அச்சம் அது. ஆயினும் நம்மைப் பற்றியதாக இல்லாத ஒன்றை, நமக்கு யாதும் செய்யாத ஒன்றை, அதன் பொருட்டே நோக்கக் கற்றல் மனித மனத்துக்கு எளிதில் வாய்க்காத ஒழுக்கம் என்பது இதனாற் புலனாகும். விண்மீன் அவ்வொழுக்கத்தைக் கற்பிப்பதற்கு மிகவும் ஏற்ற பொருள். அதனைப் பறிக்க முடியாது, விற்க முடியாது, கையிலெடுத்து உடைத்துப் பார்க்கவும் முடியாது. சிறுவனுக்கு எஞ்சியிருப்பது நோக்குதல் ஒன்றே.

இவ்வொழுக்கம் ஒரு வாழ்வில் எவ்வாறு வேரூன்றும் என்பதைக் காண, கலகெதரவைப் போன்றே பேரூர்களுக்கு அப்பாற்பட்ட ஒரு வங்காளச் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். இன்று பங்களாதேசத்தில் உள்ள யசோர் நகரின் அயலிலே, பாக்சர் என்னும் ஊரில் 1878 இற் பிறந்தவர் ராதாகோவிந்த சந்திரா. அவருடைய தாய்வழிப் பாட்டியார் விண்மீன்களை இனங்காண வல்லவர். இரவிலே பேரனுக்கு அவற்றைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தவர் அவரே. பள்ளிப் பாடநூலில் அட்சய குமார தத்தர் எழுதிய, அண்டத்தின் பரப்பைப் பற்றிய கட்டுரையொன்று அவ்விளைஞனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. இதுவரை கதை பழகிய கதையே. அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் வழக்கத்துக்கு மாறானது: பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் அவர் மும்முறை தோல்வியுற்றார். யசோர் அரச கருவூலத்தில் நாணயங்களை எண்ணிச் சோதிக்கும் சிறு பணியிலே அமர்ந்தார். பகலில் நாணயத்தின் மெய்ம்மையைச் சோதித்தவர் இரவில் ஒளியின் மெய்ம்மையைச் சோதித்தார் என்று கூறத் தோன்றுகின்றது.

யசோரில் வழக்கறிஞராக இருந்த காளிநாத முகர்ஜி என்பார் விண்மீன் வரைபடம் ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தே சந்திரா வானத்தை முறையாகக் கற்றார். 1910 இல் ஹேலியின் வால்வெள்ளி தோன்றியபொழுது இருவிழியன் ஒன்றினால் அதனை நோக்கி எழுதினார். சாந்திநிகேதன் ஆசிரியர் ஜகதானந்த ராய் அவ்வெழுத்தைக் கண்டு, தொலைகாட்டி ஒன்றை வாங்குமாறு தூண்டினார். 1912 இல் மூன்று அங்குலத் தொலைகாட்டி ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. 1918 ஆம் ஆண்டு யூன் மாதத்திலோ ஒரு பெரு நிகழ்ச்சி. திருவோண மீன் அமைந்துள்ள கழுகு விண்மீன் கூட்டத்திலே, முந்திய இரவு வரை அங்கு இல்லாத ஒளிமிகு மீனொன்றை அவர் வெறுங்கண்ணாற் கண்டார். 1604 இற் கெப்லர் கண்ட புதுமீனுக்குப் பின் தோன்றியவற்றுள் மிக ஒளிமிக்கது அது. வேறு நாடுகளிலும் பலர் அதனைத் தனித்தனியே கண்டனர். சந்திரா தாம் கண்டதை ஹாவார்ட் அவதான நிலையத்துக்கு எழுதினார். அவ்வழியே, 1911 இல் தொடங்கப்பட்ட மாறொளி விண்மீன் நோக்குநரின் அமெரிக்கச் சங்கம் அவரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

மேற்கூறியவாறான புதுமீன் வெடிப்பு நிகழ்வது வெண்குறு விண்மீனின் மேற்பரப்பிலேயே ஆகும். அருகிலுள்ள துணைமீனிலிருந்து ஈர்க்கப்பட்ட ஐதரசன் அங்கு திரண்டு திடீரெனப் பற்றுகின்றது. பள்ளித் தேர்வில் தோற்ற கருவூல ஊழியரின் கண்ணும், சென்னை மாணவரின் கணிதமும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே இனப் பொருளைத் தொட்டன என்பதை ஈண்டுச் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

மாறொளி மீனை நோக்கும் பணி எத்தகையது என்பதைச் சிறிது விரித்தல் வேண்டும். அதிலேதான் இக்கட்டுரையின் உயிர்ப்பொருள் உள்ளது. சில விண்மீன்களின் ஒளி நாளடைவிற் கூடியும் குறைந்தும் வரும். 1596 இற் பபிரிசியஸ் குறித்து வைத்த மீனொன்றுக்கு இலத்தீனில் ‘வியப்புக்குரியது’ எனப் பொருள்படும் மீரா என்பதே பெயர். ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை அது வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு ஒளிர்ந்து, பின்னர் பல மாதங்கள் கண்ணினின்றும் மறைந்துவிடும். நோக்குபவர் செய்ய வேண்டுவது இது: மாறாத ஒளியுடைய அயல் மீன்கள் இரண்டைத் தெரிந்து, மாறும் மீன் அவற்றுள் எதற்கு எவ்வளவு அண்மையது என்று கண்ணால் மதித்து, நேரத்துடன் குறித்துவைத்தல். அவ்வளவே. ஆயினும் இதில் ஒரு பெரும் பொறி உண்டு. நேற்று எழுதிய எண் நினைவில் இருக்கின்றது. மீனின் ஒளி ஏறுமுகத்தில் உள்ளது என்பதும் தெரியும். எனவே இன்றும் சிறிது கூடியிருக்க வேண்டும் என்று மனம் கூறுகின்றது; கண்ணும் அவ்வாறே கண்டதாகக் காட்டுகின்றது. அயலில் எவரும் இல்லை. பிழையாக எழுதினாற் கண்டுபிடிப்பாரும் இல்லை. அத்தனிமையில், எதிர்பார்த்ததை எழுதாது கண்டதை மட்டும் எழுதுதலே அப்பணியின் முழு அறம். பிறையைக் கண்டதாகக் கூவிய கலகெதரச் சிறுவனிடம் முதியவர் கேட்ட கேள்வியை, நோக்குபவர் ஒவ்வோர் இரவும் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவராகின்றார்.

சந்திரா அக்கேள்விக்கு 35 ஆண்டுகள் வரை விடையளித்துக்கொண்டிருந்தார். 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய அவதானிப்புகள் 37,000 இற்கும் மேற்பட்டவை. வங்காளத்து மழைமாதங்களையும் சேர்த்துக் கணக்கிடினும் சராசரியாக ஓர் இரவுக்கு மூன்று என்றாகின்றது! 1926 இல் அமெரிக்கச் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்றை அனுப்பிவைத்தது. பிரெஞ்சு அரசும் விருதளித்துச் சிறப்பித்தது. நாட்டுப் பிரிவினையின் பின்னர் மேற்கு வங்காளத்துக்குக் குடிபெயர்ந்த அவர், 95 அகவை கடந்த நிலையில் 1975 இல் மறைந்தார். அவருடைய எண்கள் இன்றும் அச்சங்கத்தின் பதிவேடுகளில் உள்ளன. ஒரு மீனின் நூற்றாண்டு கால ஒளிமாற்றத்தை ஆராய்வோர்க்கு அவற்றை எழுதியவர் பரீட்சையில் தேறினாரா என்பது பொருட்டன்று. அவர் கண்டதை எழுதினாரா என்பதே பொருட்டு.

அவ்வாறு அங்குலத் தொலைகாட்டியின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. அது வைணு பாப்புவிடம் சென்று, ஈற்றிற் காவலூரை அடைந்தது. 1927 இற் பிறந்த பாப்பு, ஐதராபாத்தின் நிசாமியா அவதான நிலையத்திற் பணியாற்றிய தந்தையின் பக்கத்தில் நின்று வானத்தைக் கற்றவர்; ஹாவார்டில் மாணவராயிருந்தபோது, 1949 இல், தம் பெயரும் இணைந்து வழங்கும் வால்வெள்ளியொன்றைக் கண்டவர்; பின்னர் கொடைக்கானல் நிலையத்தின் பொறுப்பை ஏற்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அவதான நிலையத்தை உருவாக்கியவர். 1977 இல் யுரேனசு விண்மீனொன்றை மறைத்தபோது அக்கோளின் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளிற் காவலூருக்கும் பங்குண்டு. 1982 இற் பாப்பு மறைந்தார். அங்கு நிறுவப்பட்ட 2.34 மீற்றர்த் தொலைகாட்டி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாட்டியாரிடம் மீன்களின் பெயர் கேட்ட சிறுவனையும், தந்தையுடன் நின்று வானம் பார்த்த சிறுவனையும் அச்சிறிய கருவி இணைத்துவிட்டது. ஒருவர் தொழில்முறை வானியலறிஞர்; மற்றவர் கருவூல ஊழியர். அவ்விருவருள் எவருடைய விஞ்ஞானப் பற்று மெய்யானது என்று பிரித்துக் கூற யாரால் இயலும்?

இருவர் வாழ்விலும் பொதுவாக இருப்பது வியப்பு மட்டுமன்று. அருகில் ஒருவர் நின்றார் என்பதே பெரிது. குழந்தை கேட்ட வினாவைப் பொருட்படுத்தி விடைகூற ஒருவர் இருந்தார். அண்ணாந்து நோக்கும் பிள்ளையிடம் ‘போய்ப் படி’ என்று கூறாத ஒருவர் இருந்தார். வியப்பு தானே வந்து தானே போகும் இயல்பினது. அதனைப் பழக்கமாக்குவது துணை. பாட்டியார், வழக்கறிஞர், சாந்திநிகேதன் ஆசிரியர் என்று சந்திராவுக்கு மூவர் வாய்த்தனர். ஒருவரேனும் வாய்க்காத குழந்தைகள் எத்தனையோ.

இவ்விடத்து இலங்கையின் நிலைமையைக் கருதாமல் இருத்தல் இயலாது. உயர்தர வகுப்பில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் ‘1 ஏபி’ வகைப் பாடசாலைகள் நாட்டின் பாடசாலைகளுட் சிறுபான்மையின. ஏனைய பாடசாலைகளிற் கற்கும் பிள்ளை அப்பிரிவுகளை நாடின் ஊர்விட்டு வேறிடம் செல்ல வேண்டும். சென்று கற்றாலும் ஈற்றில் ‘இசட் புள்ளி’ என்னும் ஓர் எண் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் அல்லது அடைக்கும். ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும் நாட்டில் அளவுகோல் ஒன்று வேண்டியதே. அதனை மறுப்பது எளிது, மாற்றுச் சொல்வது அரிது. ஆனால் அவ்வளவுகோல் ‘இப்பிள்ளைக்கு விஞ்ஞானம் உரியதன்று’ என்று தீர்ப்பளிப்பதாகப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையும் கொள்வார்களாயின், அங்கே ஓர் அநீதி நிகழ்கின்றது. இடமில்லை என்று கூறுவது வேறு. உரிமையில்லை என்று கூறுவது வேறு. யசோரில் மும்முறை தோற்றவர் இரண்டாவதை ஏற்றுக்கொண்டிருப்பாராயின் 37,000 குறிப்புகள் இல்லை.

மிளகு பறிக்கும் தாயின் வினாவுக்கு இப்பொழுது மீளலாம். விண்மீன் பார்த்தாற் பிள்ளை பொறியியலாளன் ஆவான் என்று அவளிடம் கூறுதல் பொய்யாகும். அறிவியற் கண்காட்சி மேடைகளில் அவ்வாறான வாக்குறுதிகள் தாராளமாக வழங்கப்படுகின்றன. வாய்மையைக் கற்பிக்க வேண்டிய ஒன்றுக்குப் பொய்யான விளம்பரம் தேடுவது எவ்வகையிலும் பொருந்தாது. கிடைக்கக்கூடியது இதுவே: தான் விரும்பியதற்கும் தான் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை அறியும் கண். அதனால் வயிறு நிரம்பாது. அதனை அவளிடம் மறைக்கவும் வேண்டியதில்லை. பிறை பற்றிய சாட்சியத்தின் பெறுமதியை அறிந்த ஊரில் வாழும் அவளுக்கு, அந்தக் கண்ணின் விலை தெரியாதிருக்கும் என்று எண்ணுவது கற்றோரின் செருக்கு.

கலகெதரவின் வானம் இதற்குக் குறைவற்றது. ஏழு பாகை வட அகலக்கோட்டை அண்மிய அவ்வூரிலே துருவ விண்மீன் வடக்கிற் குன்றுகளின் பின்னே பெரும்பாலும் மறைந்துவிடும். ஆயின் மே மாத முன்னிரவில் தென்சிலுவை தெற்கிற் செங்குத்தாக நிற்கும். ஆண்டின் தொடக்கத்தில் அகத்தியமும் மிருகசீரிடமும் ஒரே இரவில் உயரத் தோன்றும். வடநாட்டு அவதான நிலையங்கள் பலவற்றுக்கு வாய்க்காத காட்சி இது. கிழக்கே கண்டி நகரின் மின்னொளி ஆண்டுதோறும் அடிவானில் ஏறி வருகின்றது என்பது மட்டுமே குறை.

மார்கழி மாதத்து முன்னிரவில் அங்கே கார்த்திகைக் கூட்டம் கிழக்கில் உயர்ந்து நிற்கும். தமிழ் அதனை அறுமீன் என்கின்றது. மேலைநாட்டார் ஏழு உடன்பிறந்த மகளிர் என்கின்றனர். உண்மையில் அக்கூட்டத்தில் உள்ளவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வாசலில் நின்று எண்ணுகின்றான், ஏழு என்கின்றான். ஆறு என்றே கேட்டுப் பழகிய தந்தை முதலில் மறுக்க வாயெடுத்து, பின்னர் தாமும் அண்ணாந்து எண்ணத் தொடங்குகின்றார். அவருக்கு ஐந்துக்கு மேல் தெரியவில்லை. உள்ளே சென்று அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் எடுத்து வந்து, மகனின் கையிற் கொடுத்து, கண்ட இடத்திலே புள்ளிகளைக் குறிக்கச் சொல்கின்றார். நாளை முகில் இல்லாதிருந்தால் மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம்.